கடைசி அத்தியாயம் ஏன் வந்து சேரவில்லை என்றால்

வெளிநாட்டில் ஒரு வாடகை வீடு,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இருபத்தைந்து வாரங்களாகத் தங்கள் பக்கங்களில் கொலை விசாரணை நடத்திவரும் தொடர்கதைக்காரன் பணிவுடன் எழுதுவது. நானும் என் மனைவியும் இங்கு சுகம். தாங்களும், உதவி ஆசிரியர்களும், என்னால் ரத்தக் கொதிப்பு ஏறிப்போன பக்க வடிவமைப்பாளரும் அங்கு சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கடிகாரக் கடை முதலாளியைக் கொன்றது யார் என்று சொல்லும் இருபத்தாறாவது அத்தியாயம் திங்கட்கிழமையே தங்களுக்கு வந்திருக்க வேண்டும். நாளை அச்சு. 'கொலையாளி இந்த வாரம்' என்று அட்டையில் போட்டுவிட்டீர்கள் என்பதும், அது வராவிட்டால் இனித் தங்கள் அலுவலகம் இருக்கும் திசையில் நான் தலைவைத்துப் படுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைக் கேட்டால் தாங்களே மனம் இரங்குவீர்கள்.

என் மனைவி பல் டாக்டர். பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு அவள் வந்தாள், பெட்டி தூக்க நான் வந்தேன். வாடகை வீட்டில் இணையம் உண்டு என்றார்கள். சுவரில் ஒரு பெட்டி இருந்தது, அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடவும் என்று பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். நான் முந்நூறு வரை எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் அவரும் ஏதோ வெளிநாட்டில் இருக்கிறாராம். சரியென்று தெருமுனைக் கடையில் ஒரு சிம் கார்டு வாங்கினேன். கடைக்காரப் பெண் போனைக் கொடுங்கள், போட்டுத் தருகிறேன் என்றாள். எனக்கு வேண்டியது லேப்டாப்பில், அதை நானே பார்த்துக்கொள்வேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். என் லேப்டாப்பின் பக்கவாட்டில் மெல்லிய பிளவு ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக அது எதற்கென்று யோசித்திருக்கிறேன். சிம்மை அதில் தள்ளினேன், சந்தோஷமாக உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அது கேமரா கார்டு போடுகிற இடம், சிம் போட என் லேப்டாப்பில் இடமே கிடையாது என்று கடைக்காரப் பெண் பிறகுதான் சொன்னாள். சாயங்காலம் மாநாட்டிலிருந்து வந்த மனைவி மேசை விளக்கைத் திருப்பிவைத்து, தன் பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள்.

"பல்லுன்னா அதுவா முளைச்சுது, நாம புடுங்குறோம். இதை நீங்களே நட்டு வச்சிருக்கீங்களே" என்றாள். ஒரே நிமிடத்தில் சிம் வெளியே வந்தது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. சிம்மைப் போனில் போட்டு, போன் தன் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர வேண்டுமாம். லேப்டாப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்து இணைப்புகள் பதினேழு வரிசையாக நிற்கின்றன. ஐயா, வந்த வேலையே எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இணைப்புக்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பெயர் 'கேட்காதே'. என்னைப் போல ஒருவன் அவர் பக்கத்து வீட்டில் இருந்திருக்க வேண்டும். இன்னொன்று 'இரண்டாம் மாடி', அடுத்தது 'இரண்டாம் மாடி தனி'. ஒரே வீட்டில் எதற்கு இரண்டு? புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊகித்தேன். ஊகம் மட்டும் போதுமா? படியேறிப் போய்ப் பார்த்தேன். ஒரே கதவு, அதற்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு கால்மிதிகள். எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது தெரியுமா! கீழே வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஊர் வீட்டை அப்புறம் துப்பறியலாம். அந்தப் பதினேழுல நம்ம போன் எதுன்னு கண்டுபிடிங்க" என்றாள். அது பட்டியலிலேயே இல்லை. போனில் பகிரும் பொத்தானை நான் அழுத்தவே இல்லை.

அழுத்தினேன், இணைப்பு வந்தது. அப்புறம்தான் அநியாயம் நடந்தது. லேப்டாப் பாவம், இதுவும் வீட்டு இணைப்பு என்று நினைத்துக்கொண்டு, மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருந்த அப்டேட்டுகளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு இறக்க ஆரம்பித்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நாற்பது சதவீதம், ஐம்பது சதவீதம் என்று ஏறியது. என் அத்தியாயம்தான் தங்களை நோக்கிப் போகிறது என்று நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்கென்று வாங்கிய டேட்டா முக்கால் மணி நேரத்தில் காலி.

ஆகவே இந்தத் தாமதத்தில் என் குற்றம் எதுவும் இல்லை, எல்லாம் கருவிகளின் குற்றம் என்பதைத் தாங்கள் உணர்ந்து, ஒரே ஒரு வாரம் அவகாசம் தர வேண்டுகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், பக்க வடிவமைப்பாளருக்கு என் மன்னிப்பு.

என்றும் தங்கள் அன்புக்குப் பாத்திரமாக விரும்பும்,
தொடர்கதைக்காரன்.

பி.கு.: இது மின்னஞ்சலில் வந்திருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். மனைவியும் கவனித்துவிட்டாள். "அந்த மனுஷன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்கிறாள். சொல்லிவிடுகிறேன். கடைக்காரப் பெண் மறுபடி டேட்டா போட்டு, லேப்டாப்பின் பெருந்தீனியையும் நிறுத்தி, திங்கட்கிழமை மதியமே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டாள். அனுப்புவதற்குத்தான் அத்தியாயம் இல்லை. சந்தேகத்துக்குரிய ஆறு பேரும் ஒருவர் விடாமல், கொலை நடந்தபோது வேறு இடத்தில் இருந்ததாகப் பத்தொன்பதாவது வாரத்தில் தாராள மனதோடு எழுதிவிட்டேன். இப்போது யார் கொன்றது என்று எனக்கே தெரியவில்லை. தங்கள் மெய்ப்புத் திருத்துபவர் இருபத்தைந்து அத்தியாயங்களையும் வரி விடாமல் படித்தவர். அவருக்கு யார்மேல் சந்தேகம் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். இன்று மாலைக்குள் ஆள் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும், ஏன் கொன்றார் என்பதை ராத்திரிக்குள் நான் பார்த்துக்கொள்கிறேன்.