எப்பவும் ஒண்ணு கம்மி

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று விலையைப் போட்டுவிட்டு கேஷியர் ஒரு வாய் டீதான் குடித்திருப்பாள். அதற்குள் அவளுக்குப் போட்டியாக இணையத்தில் விற்கும் பெரிய கடை முந்நூற்றுத் தொண்ணூற்றேழு ஆக்கிவிட்டது.

"பார்த்தீங்களா? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள குறைச்சுட்டான்!"

கணவர் நிமிரவில்லை. அவர் பூகோள வாத்தியார். மடியில் பரீட்சைத் தாள்கள், கையில் சிவப்புப் பேனா.

"யாரு குறைச்சா?"

"வேற யாரு? பெரிய கடைக்காரன்தான்."

"அங்கே கடைக்காரன்னு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்கம்மா. கம்ப்யூட்டர்தான் விலை போடும்."

"கம்ப்யூட்டரா இருந்தா என்ன, அதுக்கும் என் மேலதான் கண்ணு" என்றவள், முந்நூற்றுத் தொண்ணூற்றாறு என்று தட்டினாள்.

கேஷியர் என்பது அவளுடைய பழைய உத்தியோகம். பதினெட்டு வருஷம் வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பிறத்தியார் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முன்பு, 'இனிமேல் ஒரு நோட்டைக்கூட எண்ண மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். வேலை போனாலும் பெயர் போகவில்லை.

இப்போது அவள் நடத்துவது கம்ப்யூட்டர் கேம் விற்கும் கடை. ஷட்டர் கிடையாது, அலமாரி கிடையாது, பலகையும் கிடையாது. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே உள்ள வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு திரை, சக்கரம் கழன்ற ஒரு நாற்காலி, அவ்வளவுதான். யாராவது இணையத்தில் பணம் கட்டினால் அவர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு சாவி எண் போகும். அதைத் தட்டினால் கேம் திறந்துகொள்ளும்.

கடையில் நன்றாக ஓடுவது ஒரே ஒரு கேம். நடுக்கடலில் தனியாக இருக்கும் கலங்கரை விளக்கத்தை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல்கள் மோதாமல் கரை சேர வேண்டும். தனி ஆளாக ஒருவர் செய்தது. அவர், ஆயிரம் சாவி எண்களை மொத்தமாக எடுத்தால் ஒன்று இருநூற்றைம்பதுக்குக் கிடைக்கும் என்றார். வேலையை விட்டபோது வங்கியிலிருந்து வந்த பணத்தில் முக்கால்வாசியை அதில் போட்டுவிட்டாள். நானூற்றைம்பதுக்கு விற்கலாம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் பெரிய கடை இல்லை.

இரண்டு மாதமாக இதே ரோதனை. அவள் ஒன்று குறைத்தால் அவன் ஒன்று குறைப்பான். வியாபாரம் என்னவோ படுக்கவில்லை. தினமும் இரண்டு மூன்று போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் விலையைக் காவல் காத்தே அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கண் எரிந்தது. அடுப்பில் வைத்த பால் வாரத்துக்கு மூன்று தடவை பொங்கி வழிந்தது.

சனிக்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் வந்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும், "அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்பான்.

"இதை எதுக்கு நீ கையால பண்றே? நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். அவன் என்ன விலை போட்டாலும் நம்ம விலை எப்பவும் ஒண்ணு கம்மியா இருக்கும். நீ நிம்மதியா இரு. அஞ்சு நிமிஷ வேலை."

வாத்தியார் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "மச்சான், அவங்ககிட்டயும் அதே புரோகிராம் இருந்தா?"

"மாப்பிள்ளை, நீங்க மலை, நதியெல்லாம் பாருங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

ஐந்து நிமிஷ வேலை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. கேஷியர் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். எரிகிற கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று கணவரோடு கீழே கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கே எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள், சிவப்பு நல்லா தெரியுதா, பச்சை நல்லா தெரியுதா என்று கேட்டார்கள், கடைசியில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "வீட்ல போட்டுப் பாருங்க, சரியில்லேன்னா கொண்டாங்க" என்றார்கள்.

புதுக் கண்ணாடியோடு மாடி ஏறி வந்தவள் திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க, கண்ணாடி சரியில்லைங்க. எனக்கு இருநூத்திப் பன்னிரண்டுன்னு தெரியுது."

வாத்தியார் குனிந்து பார்த்தார். "எனக்கும் அப்படித்தான்மா தெரியுது."

அண்ணன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். "செம சண்டைம்மா! இருபது செகண்டுக்கு ஒரு தடவை அவன் குறைக்கிறான், நாம குறைக்கிறோம். விட்டே கொடுக்கலையே! இந்த நிமிஷம் நாமதான் கம்மி!"

"அசலே இருநூத்தைம்பது, அண்ணா!"

அண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. "அதை நீ சொல்லவே இல்லையே."

"நிறுத்து. முதல்ல அதை நிறுத்து!"

நிறுத்தினான். "பதறாதே. இதுக்குக் கீழே போகாதேன்னு ஒரு எல்லை கட்டிட்டா போதும். குறைந்தபட்சம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல இருநூத்தறுபதுன்னு போட்டா முடிஞ்சுது." கட்டத்தைத் தேடினான். போட்டான். சேமித்தான். "அவ்வளவுதான். பெருமூச்சு விட்டுக்கோ."

அவளும் பெருமூச்சு விட்டாள். அதற்குள் வாத்தியார், பழக்கதோஷத்தில், கடையின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பிழை திருத்துகிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், விலை இன்னும் இருநூத்திப் பன்னிரண்டுதான் இருக்கு. ஆனா கீழே பொடி எழுத்துல, 'ஒருவர் குறைந்தபட்சம் 260 வாங்க வேண்டும்'னு வந்திருக்கே?"

அண்ணன் மூக்கு திரையில் உரசுகிற அளவுக்குக் குனிந்தான். "ஓ. ரெண்டு கட்டத்துக்கும் குறைந்தபட்சம்னே பேர் வெச்சிருக்கான். இது எண்ணிக்கைக்கு உண்டானது போல."

"அடப்பாவி!" என்றாள் கேஷியர். பிறகு யோசித்துப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அதுவும் நல்லதுக்குத்தான். ஒரே ஆள் இருநூத்தறுபது கேம் யாரு வாங்கப் போறா? நீ சாவகாசமா மாத்து."

டிங் என்று மேஜையில் ஒரு சத்தம் கேட்டது. பணம் வந்தால் அடிக்கிற மணி.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். ஆர்டர் ஒன்று. எண்ணிக்கை இருநூற்று அறுபது. விலை இருநூற்றுப் பன்னிரண்டு. சாவி எண்கள் அனுப்பப்பட்டுவிட்டன.

கேஷியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் முப்பத்தெட்டு நஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். அதைப் பெருக்கிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"கேமைக் கடையிலேர்ந்து எடுத்துடு, அண்ணா."

"எடுத்துட்டா திரும்ப ஏத்த ரெண்டு நாள் ஆகும்மா. எண்ணிக்கையை ஒரு தடவை போட்டுட்டா, மறுபடி மாத்த சைட்காரங்ககிட்ட அனுமதி வாங்கணும், திங்கட்கிழமைதான் வரும்."

"அப்ப நகரு." அண்ணனை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு, விலைக் கட்டத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது என்று அவளே ஓங்கித் தட்டினாள். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. வாங்கினா இருநூத்தறுபது வாங்கணும். இப்ப எவன் வர்றான்னு பார்க்கலாம்."

இருபது விநாடி கழித்து வாத்தியார் பெரிய கடையின் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அவங்களும் ஏத்திட்டாங்க. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே தெருவில் ஒரு பெண் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரிப் பலகைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"முடியலைங்க" என்றாள் கேஷியர். "அவங்க எத்தனை மாடிக் கட்டடம், நான் சக்கரம் இல்லாத நாற்காலி. நான் ஒண்ணு குறைச்சா வீட்ல பால் காசு குறையுது. அவங்களுக்கு அது தூசு. எத்தனை நாள்தான் மோதறது? மூடிடலாம்."

வாத்தியார் பேனாவை மூடி வைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. ஆனால் அவள் கண் சிவந்திருந்த சிவப்பு அவருடைய பேனா சிவப்பைவிட அதிகமாக இருந்தது. "உனக்கு எது நிம்மதியோ அதைச் செய்" என்றார்.

அவள் கடைப் பக்கத்தின் உச்சியில் எழுதினாள்: 'எங்களிடம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் நன்றி. திங்கட்கிழமையோடு இந்தக் கடை மூடபடுகிறது.'

"மூடப்படுகிறது. 'ப்' விட்டுப்போச்சு" என்றார் வாத்தியார்.

'ப்' போட்டாள். எழுதி முடித்ததும் ஏனோ தோள் லேசாக இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார்கள்.

டிங்.

எண்ணிக்கை இருநூற்று அறுபது. விலை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.

அண்ணன் எழுந்து நின்று கையைத் தூக்கினான். "அடிச்சது யோகம்!"

"சத்தம் போடாதே!" கேஷியர் வெளிறிப் போயிருந்தாள். "இது திருட்டுப் பணம். யாரோ ஒருத்தரோட கார்டை எவனோ எடுத்துட்டுப் போய்த் தேய்க்கிறான். சுயபுத்தி இருக்கிற ஆள் இந்த விலைக்கு இத்தனை வாங்குவானா? நாளைக்குப் போலீஸ் வந்து நிக்கும். பதினெட்டு வருஷம் ஒரு கள்ள நோட்டு என் கையைத் தாண்டினதில்லை. திருப்பி அனுப்பப் போறேன்."

"நீ ஒரு நிமிஷம் இரும்மா..."

"இரு கிரு எல்லாம் கிடையாது."

ஆனாலும் திருப்பி அனுப்பும் முன் பழைய வங்கித் தோழிக்குப் போன் செய்தாள். பக்கத்து கவுண்டரில் இருந்தவள்; இப்போது மேனேஜர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். விவரத்தைக் கேட்டுவிட்டு, "லைன்லயே இருடி" என்றாள்.

லைனில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு மூன்று தடவை முழுதாகப் பாடி முடிந்தது. அண்ணன் நகத்தைக் கடித்தான். வாத்தியார் ஒரே தாளுக்கு இரண்டு தடவை மார்க் போட்டார்.

"ஏய், இருக்கியா? தீர விசாரிச்சுட்டேன்" என்றாள் தோழி. "ரெண்டு தடவை வந்ததும் சுத்தமான பணம். கார்டெல்லாம் இல்லை, ஒரு கம்பெனியோட கணக்கிலேர்ந்து முறைப்படி வந்திருக்கு. கம்பெனி பேரை நான் சொல்லக்கூடாது, உனக்கே தெரியும். ஆனா தைரியமா வெச்சுக்கோ. ஒருத்தரும் வந்து கேட்க மாட்டாங்க."

கேஷியருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நஷ்டம் போக, போட்ட முதல் முழுவதும் திரும்பிவிட்டது. இன்னும் நூற்றுக்கணக்கில் சாவி எண்கள் கையில் மிச்சம். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். வாத்தியார் தாள்களை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மூடணுமா இப்போ?" என்றார்.

"தெரியலைங்க. யாரு வாங்கினாங்கன்னே தெரியாம எப்படிக் கடை நடத்தறது?"

போன் அடித்தது. புது எண். எடுத்தாள்.

"மேடம், கலங்கரை விளக்கம் கேம் விக்கிற கடைங்களா? நான் பெரிய கடையிலேர்ந்து பேசறேங்க."

மெலிந்த, பணிவான ஓர் ஆண் குரல். போனைக் கையால் மூடிக்கொண்டு, "அவங்கதான்!" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அண்ணன் சத்தமில்லாமல் செருப்பைத் தேடினான்.

"சொல்லுங்க" என்றாள், கவுண்டர் காலத்துக் குரலை வரவழைத்துக்கொண்டு. "விலையைப் பத்திப் பேசறதா இருந்தா, முதல்ல குறைக்க ஆரம்பிச்சது நீங்கதான்."

"விலை விஷயமே எனக்குத் தெரியாதுங்க. அது மூணாவது மாடி. நாங்க ரெண்டாவது மாடி, கொள்முதல். அவங்க என்ன பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, நாங்க என்ன பண்றோம்னு அவங்களுக்குத் தெரியாது." ஒரு முறை எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. "திங்கட்கிழமையோட கடையை மூடறதா போட்டிருக்கீங்களே, அது நிஜங்களா?"

"ஆமா. ஜெயிச்சுட்டீங்க. சந்தோஷம்தானே?"

"ஐயையோ, மூடிடாதீங்க மேடம்! அந்த கேம் பண்றவர் எங்களோட சண்டை போட்டு சரக்கை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. உங்ககிட்ட வாங்கித்தானே நாங்க வித்துக்கிட்டிருக்கோம்!"