பச்சை கவுனில் வந்த புரொபசர்

உடம்பில் ஒரு நோயும் இல்லாமல், நோயாளி உடையில், பட்டப்பகலில் பெங்களூருவில் நடமாடிய ஆள் கவுன் சாரைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் அவரையும் என் தலையில்தான் கட்டியிருப்பார்கள்.

பத்தி எழுதிப் பிழைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், ஓசூர் ரோடு பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்கு ஆபீஸ் அசிஸ்டென்ட் உத்தியோகம். ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். என்னைப் போட்ட இடம் மருத்துவ அறவியல் துறை. நோயாளியிடம் டாக்டர் உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று வருங்கால டாக்டர்களுக்குச் சொல்லித் தருகிற துறை. இதற்குக் கல்லூரி எவ்வளவு மரியாதை தந்தது என்றால், மாடிப்படிக்குக் கீழே கால் உடைந்த கட்டில்களோடு எங்களையும் போட்டு வைத்திருந்தது. துறையில் மொத்தமே இரண்டு பேர். புரொபசர் கவுன் சார், மற்றதெல்லாம் நான்.

அவருடைய வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஹாஸ்டலில் பிசிபேளேபாத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வரும் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எழுப்புங்க சார்!"

"எப்படிப்பா எழுப்பறது? தூங்கறவனைத் தொடணும்னா அவன் சம்மதம் வேணும். சம்மதம் கேக்கணும்னா எழுப்பணும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மனுஷன் நிஜமாகவே அதற்கு வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக் கமிட்டியிலும் அவர்தான் தலைவர். நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய நினைக்கும் டாக்டர்கள் முதலில் அந்தக் கமிட்டியின் அனுமதியை வாங்க வேண்டும். ஒருமுறை அனுமதி கேட்டு வந்த டாக்டர், கமிட்டிக்கு மத்தூர் வடை வாங்கி வந்துவிட்டார். சுடச்சுட. வாசனை அறையைத் தூக்கியது. மெம்பர் ஒருவர் கையில் எடுத்தே விட்டார்.

"வைங்க சார் கீழே," என்றார் கவுன் சார். "வடைய தின்னுட்டு எந்த வாயால அவர்கிட்ட கேள்வி கேப்பீங்க?"

வடைகளை நான்தான் வெளியே எடுத்துப் போனேன். அன்றைக்கு அந்தக் கமிட்டியில் அறவியல்மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பிரியமும் வடையோடு வெளியேறிவிட்டது.

கவுன் சார் என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு எடுக்க அவர் ஆஸ்பத்திரியின் பச்சை கவுனில்தான் போவார். முதுகுப் பக்கம் திறந்து, கழுத்தில் ஒரு நாடா முடிச்சில் தொங்குமே, அதேதான். உள்ளே கால்சட்டை உண்டு, பயப்பட வேண்டாம். வளாகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துபோய், பிள்ளைகள் முன்னால் நின்று சொல்வார்: "வெள்ளை கோட்டு போட்டா எல்லாரும் உங்க மூஞ்சியப் பாப்பாங்க. இதைப் போட்டுப் பாருங்க, ஒருத்தன் பாக்க மாட்டான்."

டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார்களா என்பதுதான் அவருடைய ஆயுட்கால ஆராய்ச்சி. எந்தப் பத்திரிகையும் அதைச் சீந்தவில்லை.

ஒரு வருஷம் கவுனில் போனவர் வகுப்புக்கே வந்து சேரவில்லை. விசாரித்தால், அன்றைக்குப் பார்த்து ஒரு நோயாளி டீ குடிக்க வார்டிலிருந்து நழுவியிருக்கிறார். தேடிக்கொண்டிருந்த புது செக்யூரிட்டி, கவுனைக் கண்டதும் இவர் கையைப் பிடித்து, வார்டுக்கு நடங்க என்று கன்னடத்தில் சொல்லி இழுத்தார்.

"நடீரி சார், வார்டுகே நடீரி."

"ஏம்ப்பா, நானு புரொபசர்!"

"ஹௌது சார்," ஆமாம் என்று தலையாட்டினார் செக்யூரிட்டி. "நானு கவர்னர்."

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்த டீ ஆசாமியின் கட்டிலில் கவுன் சார் படுத்திருந்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்... டேட்டா வந்துட்டிருக்கு."

டிரிப்ஸ் போட்டது டாக்டர் பிரவீண். எங்கள் பாடத்தில் முதல் மார்க் வாங்கிய அதே பிரவீண். கேஸ் ஷீட்டைப் பார்த்தான், கையைப் பார்த்தான், ஊசியைக் குத்தினான், போய்விட்டான். நான் கூப்பிட்டுக் காட்டியதும் வெலவெலத்துப் போனான். "சாரி சார், முகத்தைக் கவனிக்கல."

சாயங்காலம் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த கவுன் சார், மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது.

"முதல் மார்க் போட்டேனேப்பா அவனுக்கு," என்றார். "நிறைய பேர் வேணாம். நான் போறதுக்குள்ள ஒருத்தன், ஒரே ஒருத்தன், மூஞ்சியப் பாத்து உண்மையப் பேசறவன் தேறிட்டா போதும்."

வருஷங்கள் போயின. ஒருத்தரும் தேறியதாகத் தெரியவில்லை. அவர் ரிடையர் ஆனதும் துறையை மூடி அந்த இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் வைத்தார்கள். நானும் வேலையை விட்டேன்.

போன வருஷம் அவரே அந்த ஆஸ்பத்திரியில் படுத்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். சந்தாபுராவில் தனியாக இருந்தவருக்குத் துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதே பச்சை கவுன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரும் பின்னால் வந்த பட்டாளமும் கட்டிலைச் சுற்றி நின்று அவர் தலைக்குமேல் இங்கிலீஷில் பேசிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

பிரவீண் இப்போது சீனியர். என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டான். "கேன்சர். ஈரல் பூரா பரவிடுச்சு. சில மாசம்தான். சார்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சிடுவாரு."

யாரிடம், எதை மறைக்கச் சொல்கிறான் பாருங்கள். அவனை அறைந்திருக்கலாம். ஆனால் உள்ளே போனபோது எனக்கும் அந்தப் பொய்தான் சௌகரியமாக இருந்தது.

"வராண்டாவுல என்ன சொன்னான்?" என்றார் கவுன் சார்.

"ஒண்ணுமில்ல சார். சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாமாம்."

"டிரிப்ஸ் பாட்டில்கிட்ட ஏம்ப்பா சொல்ற? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மெலிந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் நோயாளியையே கேள் என்று வகுப்பில் அவர் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தது ஞாபகம் வந்தது.

"எவ்வளவு தூரம் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க சார்?"

அவர் புருவம் உயர்ந்தது. "எல்லாத்தையும்."

சொன்னேன். நடுவில் என் குரல்தான் உடைந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"ஒருத்தன் தேறிட்டான்," என்றார். "ஆனா டாக்டர் இல்ல. அதாம்ப்பா வயித்தெரிச்சல்."

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். கழுத்தில் நாடா அவிழ்ந்து முதுகு தெரிந்தது. கையை நீட்டியவன் நிறுத்திக்கொண்டேன்.

"கட்டி விடட்டுமா சார்?"

"ம்... கட்டு."

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். இப்போதும் ஏதாவது ஆஸ்பத்திரி வராண்டாவில் பச்சை கவுன் ஒன்று எதிரே வந்தால், நான் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறேன், அவராக இருந்துவிடக் கூடாதா என்று.