காயமில்லா ஆயிரம் நாட்கள்

மனித இனத்தின் முதுகெலும்பைக் காப்பாற்ற இதுவரை நடந்த முயற்சிகளிலேயே மகத்தானது எங்கள் அலுவலகம் பந்து உருட்டியதுதான். இந்த வரியை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடிந்தால் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருப்பேன்.

எங்களுடையது ‘பணியிடக் காயத் தடுப்பு அலுவலகம்’. எந்தத் தொழிற்சாலையில் எவருக்கு அடிபட்டாலும் படிவம் ஏழில் பதிவு செய்வோம். பதிவு செய்யும் எழுத்தர் அடியேன். எங்கள் வாசலிலேயே ஒரு பலகை உண்டு: ‘இங்கே காயமின்றிக் கடந்த நாட்கள்’. அதில் தினமும் எண்ணை மாற்றுவதும் நானே. தொள்ளாயிரத்து எழுபது வரை வந்திருந்தது. ஆயிரத்தைத் தொட்டால் தலைமையகம் கேடயம் தரும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போனவர் சும்மா திரும்பியிருக்கலாம். உட்கார்ந்தே வேலை செய்தால் உடம்பு கெடும் என்ற ஞானத்தோடு திரும்பினார்.

“இனிமே வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் பௌலிங். கட்டாயம். வராதவங்களுக்கு ஆப்சென்ட்.”

“கட்டாயம்னா அது வேலையா சார், விளையாட்டா?” என்று கேட்டார் தட்டச்சு அக்கா. இருபது வருட சர்வீஸ், கேட்கிற வாய்.

“உற்சாகம்மா, உற்சாகம்!”

பௌலிங் கூடத்தில் எண்ணெய் பூசிய நீளமான மரத்தளம். பூசணிக்காய் பருமனில், மூன்று துளை போட்ட பந்து. கோடியில் பத்துக் கட்டைகள். துளைகளில் விரலை விட்டுப் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். முதல் வெள்ளியன்று சாய்ந்தவை மூன்று கட்டைகள், நான்கு ஊழியர்கள்.

தலைமை எழுத்தர் பந்தை விட்டார். பந்து அவரை விடவில்லை. கட்டைவிரல் துளையில் சிக்கிக்கொள்ள, பந்தோடு பாதித் தளம் வழுக்கிக்கொண்டே போனார். கணக்காளர் குனிந்தார், குனிந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தார். “கல்யாணமான நாள்லேர்ந்து இவரு இவ்வளவு பணிவா வந்ததே இல்ல” என்று அவர் மனைவி போன் போட்டு நன்றி சொன்னார். எனக்கு வாடகைக் காலணி வழுக்கியது. எந்த எலும்பின் மீது உட்கார்ந்தேன் என்று சொல்வது நாகரிகமல்ல.

இயக்குநர் மட்டும் பந்தைத் தொடவில்லை. “யாராவது மேற்பார்வை பாக்கணும்ல?” என்றார். பழச்சாறு குடித்தபடி பார்த்தார்.

நான்காம் வெள்ளியன்று தட்டச்சு அக்காவின் கைக்கு இருப்பதிலேயே கனமான பந்து வந்தது. வலது மணிக்கட்டு ‘படக்’கென்றது. “ரெண்டு வாரம் இந்தக் கைய அசைக்கக் கூடாது. மீறி டைப் அடிச்சீங்க, அப்புறம் இது டைப் அடிக்கிற கையாவே இருக்காது” என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். அந்தக் கையை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது. மற்றவர்கள் வலியோடே வேலைக்கு வந்ததால் படிவம் கேட்கவில்லை. அக்காவின் மருத்துவ விடுப்புக்கோ படிவம் ஏழு வேண்டும். திங்கட்கிழமை பூர்த்தி செய்து இயக்குநரிடம் நீட்டினேன்.

“என்னய்யா இது?”

“அக்காவோட கை சார்.”

“இதுல நான் கையெழுத்துப் போட்டா பலகை என்ன ஆகும்?”

“பூஜ்யம் ஆகும் சார்.”

“இன்னிக்கு எத்தனை?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு.”

“அப்ப இது காயம் இல்ல. அசௌகரியம்.”

“லீவு?”

“அசௌகரியத்துக்கு ஏதுய்யா லீவு? கிழிச்சுப் போடு.”

என்ன தெளிவு! என்ன நிர்வாகத் திறமை! கிழித்தவன் நான்தான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். “நல்லா இருப்பே தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு டைப் அடிக்கப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பலகையில் எண்ணை மாற்றத் தவறவில்லை.

ஆயிரமாவது நாள் விழா. தலைமையக அதிகாரி வந்து எங்கள் ‘பாதுகாப்புப் பண்பாட்டை’ மனமுருகிப் புகழ்ந்தார். அரங்கம் முழுக்கக் கட்டுப்போட்ட கைகள். கரவொலி எழுப்பியது ஒரே ஒரு ஜோடிக் கை, இயக்குநருடையது.

“ரொம்ப அமைதியான ஸ்டாஃப்” என்றார் அதிகாரி.

“ஒழுக்கம் சார், ஒழுக்கம்!” என்ற இயக்குநர், போட்டோவுக்காக மூத்த ஊழியரை மேடைக்கு அழைத்தார். “வாங்கம்மா, உங்க கையாலயே கேடயத்த வாங்குங்க.”

“சார், என் கை…”

“கைக்கு என்ன? ஒண்ணும் இல்லையே!”

கேடயம் பித்தளை. தலைமையகம் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அக்கா வாங்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விநாடி பிடித்தார். பிறகு அது நேராக இயக்குநரின் கால் பெருவிரலில் இறங்கியது.

“ஐயோ! அம்மா! படிவம் ஏழு! படிவம் ஏழு கொண்டாய்யா!”

மூன்று நகல் எடுத்தோம். முழுச் சம்பளத்தோடு இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு. பலகையில் நானே பூஜ்யம் எழுதினேன். ஆயிரம் நாட்களில் எங்கள் அலுவலகத்தில் காயம்பட்ட ஒரே மனிதர் எங்கள் இயக்குநர்தான் என்று ஆவணம் சொல்கிறது.

மறுநாள் அவர் வீட்டிலிருந்தபடியே போனில் ஒரு மெமோ சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்: ‘கையில் எவ்விதக் காயமும் இல்லாத தாங்கள், கேடயத்தை நழுவவிட்டு உயரதிகாரிக்குக் காயம் விளைவித்தது ஏன் என மூன்று நாட்களுக்குள் விளக்கவும்.’

தட்டச்சுக்கு எங்களிடம் வேறு ஆள் கிடையாது. தனக்கு வந்த மெமோவை அக்காவே இடது கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். முடிக்க மாலையாகிவிட்டது. பிழை ஒன்றுகூட இல்லை.