வரண்டாம் அண்ணாச்சியின் ஆடி மாதம்

தொழில் தெரியாமல் வாடிக்கையாளரை விரட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டு, அந்த ஒரே காரணத்துக்காக வாடிக்கையாளரை விரட்டியவர் இந்த அரபிக் கடலோரத்தில் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பதினோரு வருடம் வேலை பார்த்தேன் என்பதால் இதை நான் சத்தியம் செய்தே சொல்லலாம்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி முப்பது காட்டேஜ்கள் உள்ள ரிசார்ட் அது. நான் வரவேற்பு மேஜையில். அண்ணாச்சி ரிசர்வேஷன் போனில். ஊர் நாகர்கோவில் பக்கம். ரூம் வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் அவர் வாயிலிருந்து தவறாமல் வரும் வார்த்தை, "இப்ப வரண்டாம்." வர வேண்டாம் என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. மலையாளச் சேட்டன்மார் கடைசி எழுத்தை விழுங்கி "வரண்டா அண்ணாச்சி" என்று கூப்பிட, அதைக் கேட்ட சென்னை விருந்தாளி ஒருவர் தன் காட்டேஜ் வராண்டாவில் ஃபேன் சுற்றவில்லை என்று அவரைத் தேடி வந்து புகார் கொடுத்தார். அண்ணாச்சி எழுந்து போய் ஃபேனைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஜூலையில் நான்கு நாள், குடும்பத்தோடு.

"பிள்ளைகளுக்கு எத்தன வயசு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"ஏழு, அஞ்சுங்க."

"கடல்ல குளிக்கணுமா?"

"பின்னே எதுக்குங்க அவ்வளவு தூரம் வர்றோம்?"

"அப்ப ஜூலையில வரண்டாம். அந்த மாசம் கடல் வேற மாதிரி இருக்கும். பொங்கல் கழிஞ்சு வாங்க, பசுமாடு மாதிரி சாதுவா நிக்கும்."

"அப்ப ஸ்கூல் இருக்குமேங்க."

"ரெண்டாங் கிளாஸ்ல மூணு நாள் லீவு போட்டா கலெக்டர் ஆக முடியாமப் போயிருமா?"

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. அண்ணாச்சி திருப்தியாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அவருடையது டாக்டர் மாதிரியான முறை. யார் வருகிறார்கள், என்ன உடம்புக்கு, மீன் சாப்பிடுவார்களா, குறட்டை விடுவார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் மாதத்தை எழுதிக் கொடுப்பார். முதுகுவலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை என்றால் ஆடி. தூக்கம் இல்லாதவர்களுக்கு ஜூன். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை என்று குரலிலேயே தெரிந்தால் ஐப்பசி. "சாயங்காலம் நாலு மணிக்கு இடி இடிக்கும். ரெண்டு பேரும் ஒரே ரூமுக்குள்ள வந்துதானே ஆகணும்" என்பது அவர் விளக்கம்.

மதுரையிலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளை ஆனி மாதத்துக்கு ரூம் கேட்டார். நானும் வழக்கமான வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"கல்யாணம் கழிஞ்சு எத்தனாவது நாள் வாரீங்க?"

"மூணாவது நாள் சார்."

"அப்ப எந்த மாசமும் கொள்ளாம், நல்ல மாசம்தான். வாங்க. கடல யாரு பாக்கப் போறா?"

மானேஜர் கோட்டயத்துக்காரர். மாதம் ஒருமுறை அண்ணாச்சியைக் கூப்பிட்டு வைத்துக் கெஞ்சுவார். "அண்ணாச்சி, இது ரிசார்ட் ஆணு. ஆஸ்பத்திரி அல்ல. வரேன்னு சொல்ற ஆளை வரச் சொல்லணும், அத்தறையே உள்ளூ, அவ்வளவுதான்." பிறகு ஒரு காகிதத்தில் 'எல்லாப் பருவத்திலும் இங்கே எழில்தான்' என்று அச்சடித்து, போனுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அண்ணாச்சி உத்தரவை மீறுகிறவர் இல்லை. அடுத்து கூப்பிட்டவரிடம் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "இது கம்பெனி சொல்லுறது. சொல்லியாச்சு. இனி நான் சொல்லுறதயும் கேக்கியளா?" என்றார்.

அவரை அனுப்பிவிடலாம் என்று மானேஜர் ஒருமுறை பழைய பதிவேடுகளைப் புரட்டினார். வர வேண்டாம் என்று அண்ணாச்சி திருப்பி அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் சொன்ன மாதத்தில் வந்திருந்தார்கள். அடுத்த வருடம் மச்சினனையும் சகலையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் ஐந்து பொங்கலுக்கு வந்துவிட்டார். மானேஜர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, ஒட்டிய காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்தார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருமுறை சறுக்கினார்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். அவரும் இரண்டு தங்கைகளும். மூன்று பேருக்கும் கல்யாணமான பிறகு, சேர்ந்து எங்கேயும் போனதில்லையாம். அண்ணாச்சி உருகிவிட்டார். நான்கு நாள் மாற்றி மாற்றிப் பேசி, பிப்ரவரி நடுவில் ஒரு வாரத்தைக் குறித்துக் கொடுத்தார். "வருசத்துலயே அதுதான் நல்ல வாரம் டீச்சர். அந்த வாரத்துல மழ பெஞ்சா நான் மீசைய எடுத்துருதேன்."

அவர்கள் வந்து இறங்கிய மதியம் மேகம் கூடியது. நான்கு நாளாகியும் மழை விடவில்லை. பிப்ரவரியில் அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, வாசலில் செக்யூரிட்டி யாரோ ஒருவரைத் தடுத்து நிறுத்தி அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் அண்ணாச்சி. மீசை இல்லை. மேல் உதட்டை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறோம். பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு அவர் நேராக டீச்சரின் காட்டேஜுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"நான்தான் போன்ல பேசுனவன். உங்க வாரத்தக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு மன்னிப்பு? வெயிலடிச்சிருந்தா இவ கடைக்குப் போயிருப்பா, சின்னவ கோயிலுக்குப் போயிருப்பா. நாலு நாளா மூணு பேரும் ஒரே கட்டில்ல கெடந்து பேசிட்டு இருக்கோம். உள்ள வாங்க, காப்பி குடிங்க."

அவர் காப்பி குடித்தார். ஆனால் மனம் ஆறவில்லை. மீசை ஒரு மாதத்தில் வளர்ந்துவிட்டது, குரலில் இருந்த அதிகாரம் மட்டும் பிறகு வளரவே இல்லை. மாதத்தைச் சொல்லிவிட்டு, "என் கணக்குக்கு அப்படித்தான். கடல் என்ன நெனச்சிருக்கோ" என்று தானாகச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அவர் ஓய்வுபெற்ற அன்று, எல்லோருமாகச் சேர்ந்து மானேஜரிடம் பேசி அவருக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தோம். கடலைப் பார்த்த காட்டேஜில், மனைவியோடு இரண்டு நாள். எந்த மாதம் வேண்டுமானாலும். அவர் வாரம் முழுக்க ஊழியர் விடுதியில் தங்கி, ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போய் வந்தவர். மதினிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட ரிசார்ட்டுக்குள் வந்ததில்லை.

டிசம்பரில் நான் கூப்பிட்டேன். "கூட்டமாயிருக்கும் தம்பி. அவளுக்குச் சத்தம் ஆகாது." ஜனவரியில் பனி, அவளுக்கு இருமல். "பிப்ரவரியப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க." ஏப்ரலில் புழுக்கம். மே மாதம் பிள்ளைகள் கூச்சல். ஐப்பசியில் இடி, அவளுக்குப் பயம். ஊருக்கெல்லாம் மாதம் சொன்னவருக்குத் தன் பெண்டாட்டிக்கு ஒரு மாதம் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடம் ஓடிப்போனது.

ஒருநாள் என் செல்போனில் தெரியாத எண்.

"தம்பி, நான் வரண்டாம் வீட்டுக்காரி பேசுதேன்."

அந்தப் பெயர் வீடுவரை போயிருப்பது எனக்குத் தெரியாது. "சொல்லுங்க மதினி" என்றேன்.

"நல்ல நேரம் பாத்துக் கூட்டிட்டுப் போறேன், நல்ல நேரம் பாத்துக் கூட்டிட்டுப் போறேன்னு இருபத்திரெண்டு வருசம் சொன்னாரு. இப்ப எனக்கு முட்டு தேஞ்சு போச்சு. ஆவணியில ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. அதுக்கு முன்ன அந்தக் கடல்ல ஒரு தடவ கால நனைக்கணும். ஆடியில ஒரு தேதி போடுங்க."

"மதினி, ஆடியில கடல்..."

"தெரியும் தம்பி. சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் அதத்தானே கேக்கேன். நீங்க போடுங்க."

போட்டேன்.

வந்தார்கள். அண்ணாச்சி கையில் மூன்று குடை, ஒரு டார்ச், வெந்நீர் பிளாஸ்க், தைலம், மதினியின் காதுக்குப் பஞ்சு. முகம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவரப்பட்டவர் மாதிரி இருந்தது. அன்று முழுக்க மழை. அவர் கதவைத் திறந்து திறந்து வானத்தைப் பார்த்தார். மதினி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, மூன்று தடவை டீ வரவழைத்துக் குடித்தார்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் வெறித்தது. "வாங்க போவோம்" என்று மதினி எழுந்துவிட்டார்.

எங்கள் தோட்டத்தின் கோடியில் ஒரு மதில். மதிலிலிருந்து ஏழு படி கீழே இறங்கினால் மணல். மற்ற மாதங்களில் அந்த மணலில் நூறடி நடந்தால்தான் தண்ணீர். முழங்கால் போனவர்கள் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்புவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஆடியில் மணலே இல்லை. கடல் மொத்தத்தையும் தின்றுவிட்டு, கீழ்ப்படிகளை மோதிக்கொண்டிருந்தது.

லைஃப் கார்டு ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம். மதினி இரண்டே படி இறங்கி உட்கார்ந்தார். ஒரு அலை கீழே உடைந்தது. நுரை மட்டும் படியேறி வந்து, அவர் கணுக்காலை நனைத்துவிட்டு இறங்கியது. அவர் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார்.

அண்ணாச்சி படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "ஜனவரியில கூட்டிட்டு வந்திருந்தா இவ மேல இருந்து பாத்துட்டுத்தான் போயிருப்பா, இல்லையா தம்பி?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மதினி திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கடல மறைக்கியளே."

அவர் தள்ளி நின்றார்.

மூன்றாம் நாள் காலை, அறையைக் காலி செய்யும் நேரத்துக்கு அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். மேஜையின் விருந்தாளிப் பக்கத்தில் நின்று பேசி அவருக்குப் பழக்கமில்லை. சாவியைக் கொடுக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டு நாள் ரூம் கெடைக்குமா? அவ கேக்கா."

நான் கம்ப்யூட்டரில் தேடுவது போல் கொஞ்ச நேரம் தட்டினேன். "இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

மதினி போன் செய்த அன்றே அந்த அறையை ஐந்து நாளுக்கு அவர்கள் பெயரில் எழுதி வைத்திருந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.