துரை இறங்கிய நாக்கு

பேய் ஓட்டுகிறவர்களை வேலூர்ப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறது. பேய் ஏற்றிவிடுகிற ஆளைப் பார்த்தது இந்த வருஷம்தான்.

ஆம்பூரைத் தாண்டி, ஹைவே ஓரத்துப் புளியந்தோப்பில் பெயர் தேய்ந்துபோன ஒரு வெள்ளைக்காரன் கல்லறை. இருநூறு வருஷமாக அதன்மேல் ஆடுதான் படுத்துக் கிடந்தது. திடீரென்று பந்தல் முளைத்தது, சீரியல் லைட் முளைத்தது, கூடவே 'துரைவாக்கு' ராஜகோபாலும் முளைத்தார். உள்ளே இருக்கும் தாம்சன் துரையின் ஆவியை உங்கள் நாக்கில் இறக்குவார். அப்புறம் இங்கிலீஷில் நீங்கள் வெளுத்து வாங்கலாம். நோட்டு வேண்டாம், பாடம் வேண்டாம். பெயர் தேய்ந்த கல்லறையில் இருப்பது தாம்சன் என்று எப்படித் தெரியும்? துரையே கனவில் வந்து சொன்னாராம். தமிழிலா இங்கிலீஷிலா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமானால் கூட்டம் நெரிந்தது. ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள், தோல் பதனிடும் டேனரிக்காரர்கள், குடியாத்தத்து லுங்கி வியாபாரிகள். காணிக்கை ஆயிரத்தொரு ரூபாய். கூடவே ஒரு பிராந்தி பாட்டில், புது லெதர் ஷூ ஒரு ஜோடி, ஒன்பதாம் சைஸ். துரை வெறுங்காலோடு வரமாட்டாராம். வாரம் இருநூறு ஜோடி சேர்ந்தது. ஒரு ஆவிக்கு எத்தனை கால் என்று கணக்குப் போடவும் ஆளில்லை.

யோகலட்சுமி கணக்குப் போடுகிற நிலைமையில் இல்லை. ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக செக்கர். ஷூவை ஒரு திருப்புத் திருப்பினால் எங்கே தையல் நழுவியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். லைன் சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. மேனேஜர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்:

"திங்கக்கெழம ஷூ வாங்குற வெளிநாட்டு மேடம் வர்றாங்கம்மா. அவங்க இங்கிலீஷ்ல கேக்குறதுக்கு நீ பதில் சொல்லிட்டா வேல உனுக்கு. இல்லேன்னா சென்னையிலேருந்து ஒரு பையன் வருவான். அவன் சொல்றத நீ கேட்டுக்கணும்."

இங்கிலீஷுக்காக நாலு மாசமாக அவள் சர்ச் ஹாலில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் அக்சா காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் ஒரு பேஜார் பழக்கம். கேள்வியை வரிசையாகக் கேட்கவேமாட்டாள். பேர் கேட்டு வாயை மூடுவதற்குள் டீ குடிச்சியா என்பாள். ஊர் கேட்பாள். மறுபடியும் பேர் கேட்பாள்.

"இன்னா டீச்சர், நல்லா வர்ற நேரத்துல கலைச்சு வுடுறீங்களே!"

"வரிசையா சொன்னா அது மனப்பாடம்க்கா. கலைச்சுக் கேட்டாலும் நிக்குது பாரு, அதான் பேச்சு."

துரை வந்த பிறகு அந்த வகுப்பில் இருபத்திரண்டு பேர் ஐந்து பேரானார்கள். அந்த ஐந்தில் ஒருத்தியாக இருந்த யோகலட்சுமியும் ஒருநாள் எழுந்துவிட்டாள்.

"நாலு மாசமா 'திஸ் இஸ் மை பேகு'லயே நிக்கிற. துரை நாலே நிமிஷத்துல எறங்குறாரு, வாடி" என்று யோகலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துப்போனவள், ஷூ ஒட்டுகிற பேஸ்டிங் செக்‌ஷன் சாவித்திரி. அவள் போன வாரமே ஷூ கொடுத்துவிட்டாள். துரை இன்னும் இறங்கவில்லை. வழியில் டிராஃபிக்காம்.

பந்தலில் ராஜகோபால் வேட்டிக்கு மேல் கோட்டும் தலையில் தொப்பியுமாக நின்றார். பக்கத்தில் கலவை என்ற ஊரிலிருந்து வந்த ஸ்வேதா. போன வாரம் வரைக்கும் இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாத பெண் என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். நாக்கில் ஒரு ஸ்பூன் பிராந்தி விட்டார்கள். அவள் கண் மேலே செருகியது. ராஜகோபால் கேட்க ஆரம்பித்தார்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் ஸ்வேதா."

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"ஐ ஆம் ஃப்ரம் கலவை."

"வாட் டு யூ ஈட்?"

"ஐ ஈட் பிரெட் அண்ட் பட்டர்."

"ஹூ இஸ் யுவர் டீச்சர்?"

"தாம்சன் துரை!"

கைதட்டலில் புளியம்பழம் உதிர்ந்தது. யோகலட்சுமி மட்டும் தட்டவில்லை. கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதில் வருகிறதே. கண் கூரையில் எதையோ படிக்கிறதே. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே. எங்கே?

கண்ணாடியில்தான்.

கம்பெனி நடக்கிற லட்சணத்தைச் சோதிக்க வெளிநாட்டு ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் கம்பெனியில் எல்லோரையும் உட்காரவைத்து இங்கிலீஷில் உருப்போட வைப்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. பாத்ரூம் சுத்தமா? தினம் ரெண்டு தடவை கழுவுறாங்க. சந்தோஷமா இருக்கியா? இருக்கேன். போன வருஷம் அந்த ஆடிட்டர் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு நேரே மூன்றாவதைக் கேட்டுத் தொலைத்தாள். சந்தோஷமா இருக்கியா என்பதற்கு யோகலட்சுமி கணீரென்று சொன்ன பதில், "தினம் ரெண்டு தடவ கழுவுறாங்க!"

ஷூ ஜோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"அய்யா, துரையண்ட நான் ஒரு நாலு கேள்வி கேக்கட்டா?"

"துரை களைப்பா இருக்காரும்மா."

"நாலு கேள்விக்கேவா? நாங்க ஒரு ஷிப்டுக்கு ஐநூறு ஜோடி செக் பண்றோமே!"

"கேக்கட்டும் வுடுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

ராஜகோபால் சிரித்தார். "கேளு. இங்கிலீஷ்லதான் கேக்கணும். தமிழ் துரைக்கு ஆவாது."

யோகலட்சுமி ஸ்வேதா பக்கம் திரும்பினாள். அவர் கேட்ட அதே நாலு கேள்விதான். கடைசியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஹூ இஸ் யுவர் டீச்சர்?"

"மை நேம் இஸ் ஸ்வேதா."

முன்வரிசையில் ஒருத்தர் காதைக் குடைந்துகொண்டார்.

"வாட் டு யூ ஈட்?"

"ஐ ஆம் ஃப்ரம் கலவை."

யாரோ களுக்கென்றார்கள்.

"வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"ஐ ஈட் பிரெட் அண்ட் பட்டர்."

"வாட் இஸ் யுவர் நேம்?"

"தாம்சன் துரை!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ராஜகோபாலுக்குத் தொப்பி நழுவியது. "அமாவாச கிட்ட வந்துடுச்சு, துரைக்கு சிக்னல் சரியில்ல..."

யோகலட்சுமி விடவில்லை. "ஆர் யூ ஹேப்பி?"

ஸ்வேதா திருதிருவென்று விழித்தாள். ராஜகோபால் பக்கம் திரும்பினாள். மைக் அவள் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

"அண்ணா, இது நம்ம லிஸ்ட்லயே இல்லியே!"

"எட்றா எங்க ஷூவ!" என்று முதலில் பாய்ந்தவள் சாவித்திரி. பந்தலுக்குப் பின்னால் ஒரு டெம்போ. உள்ளே ஷூக்கள், கடைக்கு அனுப்ப ஒவ்வொரு ஜோடியிலும் புது விலைச்சீட்டு. எல்லாம் ஒன்பதாம் சைஸ், எது யாருடையது என்று தெரியாமல் கூட்டம் அடித்துக்கொண்டது. பிராந்தி பாட்டில்கள் மட்டும் காலி. அந்த ஒரு காணிக்கை நிஜமாகவே துரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ராஜகோபால் துரைக்கு.

திரும்பி நடக்கும்போது சாவித்திரி சட்டென்று நின்றாள். "ஏண்டி, துரை எறங்காமலே நீ எப்படிடி இங்கிலீஷ்ல கேட்ட?"

அப்போதுதான் யோகலட்சுமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இருநூறு பேர் நடுவில் ஐந்து கேள்வி.

திங்கட்கிழமை வந்த மேடம் இத்தாலிக்காரி. அவளும் வார்த்தையைத் தேடித் தேடித்தான் பேசினாள். தையலைக் கேட்டாள், டீ குடித்தாயா என்றாள், மறுபடி தையலுக்குப் போனாள். வரிசையே இல்லை. அக்சாவேதான்! புரியாத இடத்தில் யோகலட்சுமி "அகெய்ன் ப்ளீஸ்" என்றாள். மேடம் மறுபடி சொன்னாள். அவ்வளவுதான் விஷயம். சென்னைப் பையன் சென்னையிலேயே இருக்கிறான்.

சர்ச் ஹாலில் இப்போது உட்கார இடமில்லை. ஏலகிரி அடிவாரத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் சாமியார் ஒருவர் புதிதாக வந்திருப்பதாகக் கேள்வி. தொப்பி அதே தொப்பியாம்.

போகிறவர்கள் போகட்டும். தாம்சன் துரை உயிரோடு இருந்த காலத்தில் நம் பாட்டனுக்குத் தன் பூட்ஸைத் துடைக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருப்பான். செத்த பிறகா எழுந்து வந்து பேத்திக்குப் பாடம் எடுக்கப்போகிறான்? நாக்கைத் திறப்பது இருக்கட்டும். நாக்குக்கு நாலு விரற்கடை மேலே மூளை என்று ஒன்று இருக்கிறதே, முதலில் அதைத் திறங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.