ஐந்நூற்று இரண்டு ரூபாய்த் தொட்டி

ஏலத்தில் ஏமாறுகிறவர்கள் இரண்டு வகை. நேரில் போய் நின்று ஏமாறுகிறவன் முதல் வகை. நேரில் போனால் ஏமாந்துவிடுவோம் என்று பலமாக யோசித்து, மறைந்து நின்று ஏமாறுகிறவன் இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் என்னை மிஞ்ச ஏற்காடு மலையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் மாமனார்.

எண்பதுகளில் நடந்த கதை. கல்யாணமாகி எட்டு மாதம். நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமாவுக்கு ஆறு அறை கொண்ட லாட்ஜ் ஒன்று இருந்தது. பெண் பார்க்க வந்தபோது, "லாட்ஜே மாப்பிள்ளைக்குத்தானுங்க" என்றார்கள். தாலி கட்டிய பிறகு எனக்குக் கிடைத்த பொறுப்பு, போர்வைகளை எண்ணி அலமாரியில் வைப்பது. (முப்பத்தாறு போர்வை. எத்தனை தடவை எண்ணினாலும் முப்பத்தாறுதான்.) கல்லா நாற்காலியில் மாமா. சாவி அவர் இடுப்பில். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ரூம் இருக்குதுங்க, வாங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டோமா என்று நான் ஏங்கிக் கிடந்தேன். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"குடுக்கறதுக்கென்னங்க மாப்ள. புத்தியோட ஒரு காரியம் பண்ணிக் காட்டுங்க. மறுநாளே சாவி கைக்கு வந்துரும்" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையே இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரமே வாய்ப்பு வந்தது. கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள், சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று செய்தி. அதில் நாலு கால் வைத்த பெரிய குளியல் தொட்டி ஒன்று இருந்தது. ஏற்காட்டுக் குளிரில் கழுத்துவரை வெந்நீரில் படுத்துக் குளிக்கலாம் என்றால் தேனிலவு ஜோடிகள் எங்கள் லாட்ஜ் வாசலில் வரிசையில் நிற்க மாட்டார்களா? நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

உடனே மூளையைக் கசக்கினேன். (அதற்கு அது பழக்கமில்லை.) லாட்ஜ்காரர் வீட்டு ஆள் கேட்கிறான் என்று தெரிந்தால் விலை ஏறும்; ஆகவே நான் அங்கே தலைகாட்டக் கூடாது. அடுத்து, தொட்டியின் மானத்தை வாங்க வேண்டும். மூன்று டீக்கடைகளில் உட்கார்ந்து, "அது ஓட்டைத் தொட்டிங்க" என்று பரப்பிவிட்டேன். மூன்றாவது தந்திரத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நம் ஆட்கள் மொய் எழுதிப் பழகியவர்கள், எந்தத் தொகையையும் ஒன்றில்தான் முடிப்பார்கள்; எவனாவது ஐந்நூற்று ஒன்று வரை வந்தால் நான் ஐந்நூற்று இரண்டில் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பணத்துக்கு, கல்யாணத்தில் மாமா போட்ட மோதிரம் அடகுக்குப் போனது.

எனக்குப் பதிலாக ஏலம் கேட்கக் காசிம் பாயைப் பிடித்தேன். பழைய சாமான் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதிப்பேருக்கு அவர்தான் ஏலத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார். எதுவரை போகலாம் என்று காதில் சொன்னால் போதும். அதற்கு மேல் ஒரு பைசா ஏற மாட்டார், அதற்கு முன்னால் விடவும் மாட்டார், யாருக்காகக் கேட்கிறார் என்று உயிரே போனாலும் சொல்ல மாட்டார். நான் தொகையைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தம்பி, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். "ரகசியம் பாய்" என்றேன் பெருமையாக.

வீட்டில் என் மனைவி சரசுவிடம் மட்டும் சொன்னேன். என் தலையில் அவள் கையை வைத்து, "உங்கப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கினேன்.

"ஏனுங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ பேசாத இரு. இதெல்லாம் மூளைய வெச்சுப் பண்ற வேலை" என்றேன். சொன்னேன் சாமி, வாய் கூசாமல் சொன்னேன்.

ஏலத்தன்று காலை நல்ல பனிமூட்டம். மனசு கேட்காமல் பங்களாவுக்குப் போய், வேலிக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். எதுவும் தெரியவில்லை, ஏலக்காரர் குரல் மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரோ இருமினார்கள். திரும்பினேன். அடுத்த மரத்தின் பின்னால் குரங்குக் குல்லாய் போட்டபடி மாமா நின்றிருந்தார்.

"மாப்ள, நீங்க எங்க இங்க?"

"சும்மா, நடக்கலாமுன்னு. நீங்க மாமா?"

"நானும் சும்மாதானுங்க" என்றார். லாட்ஜிலிருந்து அது ஏழெட்டு மைல்.

உள்ளே தொட்டி வந்தது. "அறுவது! எம்பது! நூறு!" என்று குரல் ஏறிக்கொண்டே போனது. முந்நூறைத் தாண்டியதும் மோதிரம் இருந்த விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மாமாவுக்கு முகம் வெளுத்திருந்தது.

"எவன் மாப்ள அந்தக் கிறுக்கன்? ஓட்டைத் தொட்டிக்கு இப்படி அடிச்சுக்கிறான்!"

"புத்தி கெட்டவனா இருப்பானுங்க மாமா."

"பொண்டாட்டி தாலிய அடகு வெச்சிருப்பான் பாருங்க."

"அவனுக்குப் பொண்ணு குடுத்தவரச் சொல்லோணுங்க" என்றேன். இருவரும் சேர்ந்து மனசாரத் திட்டினோம். எட்டு மாதத்தில் நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

"ஐநூத்தி ஒண்ணு!" மாமா நிமிர்ந்தார். "ஐநூத்தி ரெண்டு!" மாமா மரத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். உள்ளே ஏனோ பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் காசிம் பாய் வெளியே வந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க மொதலாளி. ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறப்ப இனி என்னங்க ரகசியம். உங்க ஐநூத்தி ஒண்ணு வரைக்கும் விடாமக் கேட்டேனுங்க. ஒரே ரூபாயில போயிருச்சு."

"எவன்யா எடுத்தது?"

பாய் தரையைப் பார்த்தபடி, "தம்பிதானுங்க" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வேற யாரு கேட்டாங்க?" என்றேன்.

"அறுவதுலயே எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. யாரோ ஓட்டைன்னு சொல்லி வெச்சிருக்காங்க. அப்புறம் நான் மட்டுந்தானுங்க. மொதலாளிக்கு வலது கையத் தூக்கினேன், தம்பிக்கு இடது கையத் தூக்கினேன்."

"யோவ், அறுவதுலயே நிறுத்தியிருக்கலாமில்ல?" என்று மாமா கத்தினார்.

"எப்படிங்க? ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்தாச்சு. ஒருத்தருக்காக இன்னொருத்தர ஏமாத்தினா நான் மனுசனா?"



வீட்டுக்கு வந்ததும் இருவரும் சரசுவின் மேல் பாய்ந்தோம். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"முந்தாநேத்து அப்பா அவரு தலையில என் கைய வெச்சு சத்தியம் வாங்குனாரு. நேத்து நீங்க வாங்குனீங்க. நான் வாயத் தெறந்தாலே ரெண்டு பேரும் அதட்டறீங்க. யாரு எடுத்தாலும் தொட்டி இந்த ஊட்டுக்குத்தான வரும்? இது கூடவா தெரியாது?"

 மாமா இடுப்பிலிருந்து சாவியை உருவினார். ஆசை பாருங்கள், நான் கையை நீட்டிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதைச் சரசு கையில் வைத்தார்.

"புத்தி இருக்கறவங்களுக்குத்தான் சாவின்னு சொல்லியிருந்தேன். சொன்ன சொல் மாற மாட்டேன் கண்ணு."

அன்றைக்கு அழுதேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் லாட்ஜ் ஆறு அறையிலிருந்து பதினாறு அறையானது சரசுவால்தான். நான் உட்கார்ந்திருந்தால் ஆறும் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் யாராவது தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எதிரில் இருப்பவர் வலது கையை ஒரு தரம் தூக்குவார், இடது கையை ஒரு தரம் தூக்குவார், பேச்சு நின்றுவிடும். போன மாதம் எங்கள் புது மாப்பிள்ளையிடம், வியாபாரம் என்றால் என்ன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலே நாள்தான். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு அவரும் ஒவ்வொரு கையாகத் தூக்கினார்.