தங்கைக்கு வந்தது ஜுரம் அல்ல

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். பொய் எழுதுவதை இந்த வாரம்தான் நிறுத்தினேன். தங்கள் முழங்கால் வலி தேவலையா?

மாப்பிள்ளை மடியில் லேப்டாப் வைத்து, அந்தச் சூட்டிலேயே வேலை பார்ப்பதால்தான் நான்கு வருடமாகக் குழந்தை இல்லை என்று, தங்கள் வீட்டு விருந்தாளிகள் முன்னால் அவருக்கு ஒரு மரப்பலகையைப் பரிசளித்துச் சொற்பொழிவாற்றினேனே, நினைவிருக்கும். நான்கு மாதம் முன்பு மாப்பிள்ளையின் ரிப்போர்ட் பரம சுத்தமாக வந்தது; முப்பத்தொரு வயது என் மகளுக்குத்தான் கருமுட்டை இருப்பு மிகவும் குறைவு என்றார் டாக்டரம்மா. குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் உண்டா என்றும் கேட்டார். "எங்க பரம்பரையே இரும்பு டாக்டர்" என்று நான் மார்தட்ட, "அப்ப உங்க தங்கச்சி முப்பத்தாறு வயசுல ஜலதோஷத்துலயா போனா?" என்றாள் என் மனைவி. ஆமாம் சம்பந்தி, சம்பந்தம் பேசிய அன்று ஜுரம் என்று சொன்னேனே, அது மார்பகப் புற்றுநோய். உண்மையைச் சொன்னா இடம் கைநழுவிடுமோன்னு பயம்.

ரத்தம் எடுத்தார்கள். மகளிடம் ஒரு ஜீன் பழுதாம். புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது, சில பெண்களுக்கு முட்டையையும் சீக்கிரம் குறைக்கலாம், அடித்துச் சொல்ல ஆராய்ச்சி போதாது என்றார். உடனே என் மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு எங்கள் ரத்தத்தின் முடிவும் வந்தது: பழுது என்னுடையது.

"எனக்கு மீசை இருக்கே டாக்டர்!"

"ஜீனுக்கு மீசை தெரியாது சார். அப்பாகிட்டருந்தும் வரும்."

மனைவி அந்த ரிப்போர்ட்டை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். திட்டியிருந்தா தேவலை. மகளிடமிருந்து ஐந்து முட்டைதான் எடுக்க முடிந்தது; இரண்டு கருவாகி உறைநிலையில் இருக்கின்றன. இனி வருடா வருடம் அவளுக்கு ஸ்கேன். பொய்யையும் பலகையையும் பொறுத்தருள வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி சொல்ல யோக்கியதை இருந்தால் ஆசிகள்.

தலைகுனிந்த,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை மகளிடம் போனில் படித்துக் காட்டினேன். "அத்தையோட கேன்சர் விஷயம் மாமா வீட்டுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்பா, நான்தான் சொன்னேன்" என்றாள். பிறகு, "மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டீங்க. என்கிட்ட எப்போ?" என்றாள். எனவே இக்கடிதம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவளைப் பார்க்க பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.